காந்தா நடந்த ரீல்

காவலூர்,
4.3.1984

அன்பு மகன் சின்னராசுவுக்கு அம்மா மங்கம்மாள் ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி காந்தா, பக்கத்து வீட்டில் பெரியப்பா, கொட்டகையில் மாடு கன்று எல்லாரும் சுகம். காளியம்மா புண்ணியத்தில் அந்த மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இருக்கிறாயா என்பதுதான் சந்தேகம், ஏனென்றால் போன கடிதத்தில் இருமல் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கம்பெனியில் புதுச் சட்டை கொடுத்தார்கள் என்று போய்விட்டாய். பெற்றவளை ராத்திரி தூங்கவிடாமல் செய்துவிட்டுச் சட்டையைப் பற்றி யாராவது எழுதுவார்களா? இருமல் நின்றதா இல்லையா, அதை முதலில் எழுது. திருப்பத்தூர் ராஜாக்கண்ணு லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் மலைத்தேன் ஒரு பாட்டில், கொட்டை எடுத்த புளி, காமிராவில் எடுத்து முடித்த பிலிம் டப்பா ஒன்று, இந்தக் கடிதம் நான்கும் வருகிறது. தேனை ஒரே நாளில் நக்கித் தீர்க்காமல் படுக்கப்போகும்போது மிளகு தட்டிப் போட்டுக் குடி. டப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன், ஆனால் ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

இந்த வருஷம் சாமை பரவாயில்லை, கேழ்வரகு சுமார், புளிதான் கிளை முறிகிற மாதிரி காய்த்திருக்கிறது, உலுக்க ஆள் தேடி அலைகிறோம். உன் அப்பா முழங்கால் வலி என்று மரம் ஏறுவதை விட்டுவிட்டார், ஆனால் காமிராவைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறும்போது மட்டும் அந்த முழங்கால் வலிப்பதில்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை, காந்தாதான் பார்த்துக்கொள்கிறாள். காலை பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். கை காட்டினால் நிறுத்தாமல் போனார் என்று பெரியப்பா அவரோடு பெரிய சண்டை போட்டார், ஊரே வேடிக்கை பார்த்தது, இப்போது என்னடா என்றால் இரண்டு பேரும் ஒரே வெற்றிலைப் பொட்டலத்தில் கை விடுகிறார்கள், பஸ் பெரியப்பா வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அவருக்குச் சண்டை போட்டால்தான் சினேகமே பிடிக்கும், உனக்குத் தெரியாததா.

இப்போது படத்து விஷயத்துக்கு வருகிறேன். போன லீவில் நீ, உன் கம்பெனி வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது என்று காமிராவையும் புரொஜெக்டரையும் கொண்டுவந்து உன் அப்பா கையில் கொடுத்தாயே, அன்றைக்கு எனக்குச் சனி பிடித்தது. ஏர் ஓட்டுகிற நேரத்தில் காமிரா, களத்தில் காமிரா, நான் குளித்துவிட்டுத் தலை துவட்டினால் அங்கேயும் காமிரா. இங்கே பிடிப்பதை யார் கையிலாவது உனக்குக் கொடுத்தனுப்பி, நீ அங்கே கழுவி, அது மறுபடியும் யார் கையிலாவது மலை ஏறி வருவதற்குள் இங்கே ஒரு வெள்ளாமையே முடிந்துவிடுகிறது. வந்து சேர்ந்த ரீல்களை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி சாமைக் குதிருக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். சோற்றுக்குச் சாமை அள்ளப் போனால் கையில் நம் வீட்டுக் கல்யாணம் கருமாதி எல்லாம் தட்டுப்படுகிறது.

போன மாதம் ராஜாக்கண்ணு வந்திறங்கியபோது உன் கடிதத்தையும் நீ கழுவி அனுப்பிய புது ரீல்களையும் கொண்டுவந்து கொடுத்தான். கடிதத்தை நாளைக்குப் படிக்கலாம், படத்தை இன்றைக்கே போட்டாக வேண்டும் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அதுவும் புது ரீல் மட்டும் இல்லை, முதல் ரீலிலிருந்து வரிசையாக எல்லாம் போட வேண்டுமாம். மேலே டெலஸ்கோப் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிற ஊரில் இருட்டினபிறகு வெளிச்சம் வெளியே அடிக்கக்கூடாது என்று நமக்குப் பழகிவிட்டதல்லவா, அதனால் புளி அறை ஜன்னலைச் சாக்குப் போட்டு அடைத்துவிட்டு, பெரியப்பாவின் வெள்ளை வேட்டியைச் சுவரில் ஆணி அடித்துக் கட்டி, புளி மூட்டைமேல் ஆளாளுக்கு உட்கார்ந்துகொண்டோம். பெரியப்பா வந்தார், எதிர் வீட்டு அம்மாக்கண்ணு வந்தாள், வரும்போதே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பார்க்க வர்றதுக்கு எதுக்குடி பூ என்று கேட்டேன். படத்துல நான் வர்றேன் இல்ல, அவளுக்குச் சரியா நானும் இருக்க வேணாமா என்றாள்.

முதல் ரீல்களைப் பற்றி நீயே எழுதிக் கேலி செய்திருந்தாய், ஆனால் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்கள் கூத்து எங்களுக்கே தெரிந்தது. நம்மில் யாருக்கும் திருப்பத்தூர் ஸ்டுடியோவில் போட்டோ பிடித்ததைத் தவிர வேறு என்ன தெரியும்? அங்கே ஆடாதே அசையாதே மூச்சு விடாதே என்று சொல்லித்தானே பிடிப்பார்கள். உன் அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு, ஆடாத, அசையாத, கண்ணு கொட்டாத என்று அதட்டி அதட்டி எல்லாரையும் நிற்க வைத்துப் படம் பிடித்திருக்கிறார். பொங்கலன்று பானைக்குப் பக்கத்தில் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்கிறேன், பானை மட்டும் பொங்கி வழிகிறது, அதை இறக்கக்கூடத் தெரியாதவள் மாதிரி நான் நின்றபடியே நிற்கிறேன். கோழி நடக்கிறது, மாடு வாலை ஆட்டுகிறது, மனிதர்கள் மட்டும் நட்டு வைத்த கல். எல்லாவற்றுக்கும் மேலே பெரியப்பாவின் ரீல். தோளில் புதுத் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார், பின்னால் நம் கிடா வந்து அந்தத் துண்டின் நுனியை வாயில் வைத்து மென்று மென்று இழுக்கிறது, துண்டு பாதி போய்விட்டது, அசையாதே என்று சொல்லிவிட்டார்களே என்று அந்த மனுஷன் கண்ணைக்கூட அசைக்கவில்லை. புளி மூட்டை சரிகிற அளவுக்குச் சிரித்தோம். சிரிக்காதீங்க, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்னேன், துண்டு போனா போவுது என்றார் பெரியப்பா, அவரும்தான் சிரித்தார். அமிர்தி மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது எடுத்த ரீலில் கம்பிக்குள் இருக்கிற மான்கூட அசையாமல் நிற்கிறது. பாத்தியா, மானே எம்பேச்சைக் கேட்டு நின்னுது, நீங்க இன்னா சிரிக்கிறீங்க என்று உன் அப்பாவுக்கு ஒரே பெருமை.

நடுவில் ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. திருவிழா ரீலில் அம்மாக்கண்ணு கும்பிட்டபடி நிற்கிறாள், அவள் இடுப்புப் பக்கத்தில் இருக்கிறது என் பித்தளைச் சொம்பு. அடுக்கில் இருந்த சொம்பைக் காணோம் காணோம் என்று நான் ஊரெல்லாம் கேட்டதும், எந்தத் திருட்டுக் கழுதை எடுத்துதோ என்று அவளும் என்னோடு சேர்ந்து திட்டியதும் உனக்கு எழுதியிருந்தேனே, அதே சொம்பு, வாயில் நெளிவு உட்பட. புரொஜெக்டரை நிறுத்துங்க என்று கத்தினேன். உன் அப்பா நிறுத்தினார். அம்மாக்கண்ணு வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அட ஆமா, உங்க வூட்டுச் சொம்புதான் போல என்றாள். இரவல் வாங்கினதை மறந்துவிட்டாளாம். விடிந்ததும் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள், கூடவே ஒரு பலாப்பழம், அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் புது ரீல்கள். எல்லாரையும் அசையச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள், இது போட்டோ இல்லை என்று நீ எழுதியதற்குப் பிறகு எடுத்ததல்லவா, உன் அப்பா அதையும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஒருத்தரும் சும்மா நிற்கவில்லை. பெரியப்பா போலீஸ்காரர் மாதிரி கையை வீசிக்கொண்டு களத்தை ஒரு சுற்று சுற்றுகிறார், அம்மாக்கண்ணு குடத்தோடு போகிறாள், திரும்புகிறாள், மறுபடியும் போகிறாள், கிணற்றில் தண்ணியே மொள்ளவில்லை. நான் முறத்தை வைத்துக்கொண்டு பேய் பிடித்தவள் மாதிரி புடைக்கிறேன். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படிச் சிரித்துக்கொண்டே காந்தாவைத் தேடினேன். படத்தில் காணோம். அடுத்த ரீல் போட்டார், அதிலும் காணோம். சாமை அறுப்பில் காணோம், புளி உலுக்கினதில் காணோம். நின்றுகொண்டிருக்கிற பழைய ரீல் எல்லாவற்றிலும் என் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண், நடக்க ஆரம்பித்த ரீல் ஒன்றில்கூட இல்லை.

மறுநாள் காலையில் பால் கறந்துகொண்டே அவளிடம் கேட்டேன். அப்பாவுக்கு வெயிலு படாம யாரு கொடை புடிக்கிறது, நான்தானே பின்னால நின்னேன் என்றாள். எல்லா ரீலுக்குமா குடை பிடித்தாய் என்றேன். மழை ரீலுக்கும்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கன்றை அவிழ்த்துவிடப் போய்விட்டாள். உன் தங்கச்சி அப்படித்தான், வாய் பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது ராசா. புளியமரத்திலிருந்து விழுந்ததில் ஊனமான அந்தக் கால் அவளுக்கு வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனால் உன் அப்பா வருவதற்குள் அவள் போய் சீட்டு பிடித்து உட்கார்ந்திருப்பாள், மேட்டுக்கொல்லைக்கு ஏறினால் என்னைவிட முன்னால் போவாள். நடக்கிறாள், ஆனால் நடப்பதை யாரும் படம் பிடித்து வைக்க வேண்டாம் என்று அவளாகவே ஒதுங்கியிருக்கிறாள், கூடவே இருக்கிற எனக்கு அந்த வேட்டியில் பார்த்தபிறகுதான் தெரிகிறது. அன்றைக்குப் பாலை நான் சரியாகவே கறக்கவில்லை.

அன்று மத்தியானம் உன் கடிதம். நான் களி கிளறிக்கொண்டிருந்தேன், கையை விட முடியாது, உன் அப்பாவுக்குக் கண்ணாடி எங்கேயோ போய்விட்டது, பெரியப்பா வழக்கம்போல வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார், காந்தாதான் படித்தாள். நம் வீட்டில் எப்போதும் அவள்தானே படிப்பாள், அது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதினாயா, அல்லது அவசரத்தில் மறந்துவிட்டாயா? உன் பட்டறையில் வேலை செய்கிற புதூர்நாட்டுப் பையன் வீரனைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல குணம், குடிப்பதில்லை, நம் ஜனம், தங்கச்சிக்குப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், அவனும் பெண்ணைப் பார்க்க ஆசைப்படுகிறான், லீவு கிடைக்க அடுத்த பொங்கல் ஆகும், அதனால் காந்தாவைப் படம் பிடித்து ராஜாக்கண்ணு கையில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் சந்தோஷம். அவள் காது மடல் சிவந்ததை நானே பார்த்தேன். அதற்கடுத்து எழுதியிருந்தாயே, உட்கார வைத்துப் பூக் கட்டுவது போல எடுங்கள், இடுப்பு வரைக்கும் போதும், கால் விஷயத்தை அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. அதையும் அதே குரலில் படித்தாள் கண்ணு. நிறுத்தவில்லை, விழுங்கவில்லை, ஒரு எழுத்தைத் தாண்டவில்லை. பேட்டரி அனுப்பறேன்னு எழுதிக்கீது அண்ணன் என்று முடித்துக் கடிதத்தை மடித்து உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு, யம்மா, களி அடிபுடிக்குது பாரு என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் களித் துடுப்பாலேயே முதுகில் இரண்டு வைத்திருப்பேன். ஊரில் இருக்கிற கிழவன் கிழவி எல்லாரையும் அசை, நட என்று சொன்ன மகராசன் உன் தங்கச்சியை மட்டும் உட்காரச் சொல்கிறாயே. உன் அப்பா உனக்காகப் பரிந்துகொண்டு, புள்ள நல்லதுக்குத்தான் எழுதிக்கீறான், மொதல்ல மொகத்த பாத்து புடிச்சிப்போச்சின்னா அப்பால கால் ஒரு பெரிய விஷயமா என்றார். பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுன்னா இதான்டா, கண்ணாலம் ஆயி வூட்டுக்குள்ள நுழையறப்ப அந்தப் பையன் பாக்க மாட்டானா, அன்னிக்கி அவன் மூஞ்ச இந்தப் பொண்ணு பாக்கணுமா, இன்னா யோசனை இது என்று கத்தினார். நான் இரண்டு பேரையும் அதட்டினேன். கடைசியில் காந்தாதான், எதுக்கு சண்டை, அண்ணன் சொன்னபடியே உக்காந்துக்கறேன், எடுங்க என்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. அப்படி அடங்கிப் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுத்தார்கள். நீ வாங்கி அனுப்பிய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள், நான் தலை பின்னிவிட்டேன். பலாமரத்தடியில் பாய் விரித்து உட்கார வைத்து மடியில் கனகாம்பரத்தைக் கொட்டினேன். உன் அப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், இடுப்புக்குக் கீழே தெரியாதபடி நின்று நின்று இடம் பார்த்தார். இருந்தது ஒரே ஒரு பிலிம் டப்பாதான், மூன்று நிமிஷத்துக்குமேல் ஓடாது. தயாரா என்றார், அவள் தலையாட்டினாள், காமிரா கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு பூ கட்டினாள், மூன்றாவது பூவைக் கையில் எடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் பூவையெல்லாம் பாயில் வைத்துவிட்டு, புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். எழுந்து நடந்தாள் சின்னராசு. களத்தில் காயப்போட்டிருந்த புளிவரைக்கும் போனாள், முறத்தை எடுத்தாள், கிணற்றடிக்குப் போய் அதை வைத்துவிட்டு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள், அங்கிருந்து நேராகக் காமிராவைப் பார்த்து வந்தாள். அதே நடைதான், இடது தோள் ஒரு தரம் இறங்கி ஏறும். வேகமும் போடவில்லை, மெதுவும் ஆக்கவில்லை, தினம் எப்படி நடப்பாளோ அப்படி. முகத்தில் சிரிப்பு வேறு.

உன் அப்பா பதறிப்போய், உக்காரு காந்தா, உக்காரும்மா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், வாய்தான் சொல்கிறது, பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை, அவள் போகிற பக்கமெல்லாம் காமிராவும் திரும்புகிறது. வுடாத அருணகிரி, புடி என்று பெரியப்பா வேலிப் பக்கத்திலிருந்து கத்துகிறார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன், அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் கிட்டே வந்து குடத்தை இறக்கி வைக்கவும் டப்பா டக்கென்று தீரவும் சரியாக இருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று உன் அப்பாவைக் கேட்டேன். விரலு எடுக்க வரல மங்கா என்றார். இவ்வளவு வருஷத்தில் அந்த மனுஷன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு தரம் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் உன் அப்பாவுக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது. இன்னொரு டப்பா அனுப்பச் சொல்லி எழுதலாமா, இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கிற பாகத்தை மட்டும் வெட்டிக் காட்டச் சொல்லலாமா, சின்னராசுக்குத்தான் வெட்டி ஒட்டத் தெரியுமே என்றார். காந்தா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே சொன்னாள். வெட்ட வேணாம்ப்பா, இதையே அனுப்புங்க. வேணாம்னு சொல்றதா இருந்தா அவரு அங்கயே சொல்லட்டும், இவ்ளோ தூரம் வந்து நம்ம வாசல்ல நின்னுகினு சொல்ல வேணாம். நான் சொல்கிறேன், என் பெண் சொன்னதுதான் சரி. அதனால் நீ கத்தரிக்கோலை அந்த ரீல் பக்கம் கொண்டு போகாதே. அவள் விழுந்த அன்றைக்கு பஸ் இல்லை என்று முதுகில் சுமந்துகொண்டு மலை இறங்கி ஓடியவன் நீ, ஆஸ்பத்திரி வாசலில் அவளைவிடச் சத்தமாக அழுதவனும் நீ. அந்தப் பாசத்தில்தான் மறைக்கச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், கோபமில்லை என்று எழுதச் சொன்னாள். ஆனால் மறைத்துக் கொடுக்கிற பொருள் இல்லையடா அவள். வீரன் நல்ல பையன் என்று நீ எழுதினாய். நல்ல பையன்தானா என்று இந்த ரீலை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இதிலே பெரியப்பா ஒரு பேச்சை எடுத்தார். என்னைப் பெண் கேட்டு உன் அப்பாவுக்காக வந்தவர் அவர்தானே. எங்கள் அப்பா முதல் தடவை வெற்றிலையைத் தொடவே இல்லை, இரண்டாம் தடவை மோர் மட்டும் கொடுத்து அனுப்பினார், மூன்றாம் தடவையும் அந்த ஏற்றத்தில் பெரியப்பா ஏறி வந்தபிறகுதான் வெற்றிலைத் தட்டில் கை வைத்தார். அவங்க ஏறி வரணும், நாம பாத்து முடிவு சொல்லணும், அதான் நம்ம வூட்டு வழக்கம், இப்ப பொண்ண மொதல்ல டப்பியில போட்டு நாம அனுப்பறோமே, இது இன்னா தலைகீழ் நியாயம் என்று மூன்று நாளாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே இருந்த உன் தங்கச்சி நேற்று நான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். யம்மா, அண்ணனுக்கு இதையும் எழுது. நான் நடக்கறத அவரு பாக்கட்டும், பாத்து புடிச்சிக்கீதுன்னு சொன்னா, அப்பால அவரு நடக்கறத நான் பாக்கணும். போட்டோ வேணாம், சேர்ல உக்காந்துகினு கைக்கடியாரத்தக் காட்டறதும் வேணாம். நடந்து வரட்டும், குடம் வோணும்னா தூக்கட்டும், பாத்துட்டு நான் சொல்றேன். இதைக் கேட்டுப் பெரியப்பா வெற்றிலை புரையேறிச் சிரித்தார், அது நியாயம், அதான் நியாயம் என்று தொடையில் தட்டிக்கொண்டார். உன் அப்பா உடனே, வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கக்கூடாது, களம் மாதிரி சமமான இடமாகப் பார்த்து எடுக்கச் சொல் என்று உனக்கே பாடம் சொல்லச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

மற்றபடி சொல்ல வேண்டியது, வெளியே போகும்போது தலையில் துணி கட்டிக்கொள், ரொட்டி ரொட்டி என்று வயிற்றைக் காயவைக்காமல் ரசமாவது வைத்துச் சாப்பிடு, அதற்குத்தான் புளி. பேட்டரி மறக்காதே, மறந்தால் உன் அப்பா என்னை ஒரு வழி பண்ணிவிடுவார். பெரியப்பாவுக்கு ஒரு துண்டு வாங்கி அனுப்பினால் சந்தோஷப்படுவார், நான் சொன்னேன் என்று சொல்லாதே. கன்றுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று காந்தா கேட்கிறாள். காளியம்மா உன்னைக் கண்ணை இமை காப்பதுபோலக் காப்பாற்றட்டும், இருமலும் போய், உடம்பும் தேறி, தங்கச்சி கல்யாணத்துக்கு நீ வந்து இறங்க வேண்டும், அது வீரனோடு ஆனாலும் சரி, வேறு யாரோடு ஆனாலும் சரி. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

கடைசியாக ஒன்றே ஒன்று. ரீலைக் கழுவி வாங்கியதும் நீ மட்டும் ரகசியமாகப் போட்டுப் பார்த்து யோசனை பண்ணிக்கொண்டு உட்காராதே. வீரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் தடவையே இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். அவள் பூவை வைத்துவிட்டு எழுந்திருக்கிற இடம் வரும்போது உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். அப்போது நீ அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காதே ராசா. உன் தங்கச்சியைப் பார்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
அ. மங்கம்மாள்